சிவப்பாக ஓடிய ஏழு நிமிடங்கள்

ஒரு மதிப்பீட்டுப் படிவத்தைப் பார்த்து என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட நகல் இது. மாணவர் பெயர்: தர்ஷினி. படைப்பு: 'அம்மா தூங்குறாங்க', காணொளி, ஏழு நிமிடம். மதிப்பெண்: 74, பேனா மையில். அதற்குக் கீழே 'படைப்பு முழுமையாகப் பார்க்கப்பட்டது' என்ற சிறிய கட்டம். கட்டத்துக்குள் மூன்று வரிகள்:

"முதல் தடவை: 24 ஜனவரி, புதன், காலை 6.20 – 6.27.
இரண்டாம் தடவை: 24 ஜனவரி, புதன், காலை 6.40 – 6.47.
மூன்றாம் தடவை: 16 ஜனவரி, செவ்வாய், பிற்பகல் 2.30 – 2.37."

மூன்றாம் தடவை, முதல் தடவைக்கு எட்டு நாள் முன்பே நடந்திருக்கிறது. இது கைப்பிழை இல்லை. எழுதியவர் தேதியில் பிழை விடுகிறவர் இல்லை. பதினொரு வருடம் அவருடைய படிவங்களை வாங்கி அடுக்கியவன் நான்.

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்தின் ஸ்கூடாயில் ஒரு தனியார் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் எழுத்தராக இருந்தேன். அவர் அங்கே பல்லூடகக் கலை விரிவுரையாளர். மாணவர்கள் எடுக்கும் குறும்படம், ஒலிப்பதிவு, சுவரில் பாய்ச்சும் படம் எல்லாவற்றையும் பார்த்து மார்க் போடுவது அவர் வேலை. பெயரை எழுதப் போவதில்லை. ஆண்டையும் வேண்டுமென்றே விடுகிறேன். ஆண்டைச் சொன்னால் கல்லூரி எதுவென்று தெரிந்துவிடும். மற்றபடி தேதியும் கிழமையும் நேரமும் குறிப்பேட்டில் உள்ளபடியே. மாணவர்கள் அவரை மிஸ் என்றார்கள். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். நானும் மிஸ் என்றே கூப்பிட்டேன். அவர் என்னை அண்ணே என்பார்.

அந்தக் கட்டத்தில் எல்லா விரிவுரையாளர்களும் ஒரு டிக் போடுவார்கள். முப்பது மாணவர்களின் முப்பது படிவங்களிலும் ஒரே மூச்சில் போட்ட டிக் என்பது வால் நீண்டுகொண்டே போவதிலிருந்து தெரியும். மிஸ் மட்டும் நேரம் எழுதுவார். அவர் சேர்ந்த முதல் பருவத்தில் அதைப் பார்த்துவிட்டு அவருடைய அறைக்கே போய்க் கேட்டேன்.

"ஏன் மிஸ் நேரமெல்லாம்? டிக் போதும்னு மேல சொல்லியிருக்காங்களே."

"டிக் போட்டா நான் பாத்தேன்னு அர்த்தம். நேரம் போட்டா எப்ப பாத்தேன்னு அர்த்தம். புள்ளைங்க வந்து கேட்டா நான் எதைச் சொல்றது அண்ணே?"

"கேட்க மாட்டாங்க மிஸ்."

"கேட்டா?"

யாரும் கேட்டதில்லை. ஆனால் தேதி எழுதி வைக்கிற பழக்கம் உள்ளவனுக்கு இன்னொருவர் தேதி எழுதுவதைப் பார்த்தால் வரும் மரியாதை எனக்கு அன்றைக்கே வந்துவிட்டது.

ஒவ்வொரு படைப்பையும் மூன்று தடவை பார்ப்பார். முதல் தடவை ஒலியை நிறுத்திவிட்டுப் படம் மட்டும். இரண்டாம் தடவை நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் படம் ஓட, ஒலி மட்டும். அதற்கென்று சொந்தமாக ஒரு ஹெட்போன் வைத்திருந்தார். காது மெத்தை உரிந்து போனதால் தலைமுடி கட்டும் கறுப்புத் துணிப் பட்டையைச் சுற்றித் தைத்திருந்தார். மூன்றாம் தடவை மாணவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படமும் ஒலியும் சேர்த்து. "ஒரு தடவ கண்ணுக்கு, ஒரு தடவ காதுக்கு, ஒரு தடவ புள்ளைக்கு" என்பார். மூன்றாம் தடவை முடிகிற வரை மார்க் பென்சிலில்தான் இருக்கும். மாணவர் எழுந்து போன பிறகு அழித்துவிட்டுப் பேனாவில் எழுதுவார். பெரும்பாலும் பென்சிலைவிடப் பேனா இரண்டு மூன்று மார்க் கூட.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'மருந்து மிஸ்'. தினம் மூணு வேளை. அது அவருக்கும் தெரியும். ஒரு தடவை கேன்டீன் வரிசையில் பின்னால் நின்ற இரண்டு பேர் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தபோது, திரும்பாமலே, "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார்.

படைப்பு அரங்கேறும் நாள்களில் அவர் சொன்ன சில வார்த்தைகளைக் குறித்து வைத்திருக்கிறேன். சோகமான பின்னணி இசையை நிறைய ஊற்றிய ஒரு மாணவியிடம்: "அழ வைக்கிறதுக்கு வெங்காயம் போதும்லா. படம் எதுக்கு?" டிரோன் வாடகைக்கு எடுத்துப் படம்பிடித்து வந்தவனிடம்: "மேலேருந்து பாத்தா எல்லா ஊரும் அழகுதான்பா. எறங்கி வா." இன்னொருவன் இணையத்தில் வாங்கிய மழைக் காட்சியைத் தன் வீட்டு மழை என்று சேர்த்திருந்தான். சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேட்கும்போதுதான் மிஸ் அதைப் பிடித்தார். "இது உன் வீட்டு மழை இல்ல. உன் வீடு தகரக் கூரைன்னு நீதான படத்துல காட்டுன? ஒரு சொட்டுகூடத் தகரத்துல விழல." அவன் தலையைச் சொறிந்துகொண்டே "அலமாக்" என்றான், மலாயில் ஐயையோ என்பதுபோல.

இதையெல்லாம் படிப்பவருக்கு அவர் மேல் பிரியம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் முகுந்தனைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

தர்ஷினிக்கு மூன்று வருடம் முந்தைய மாணவன் முகுந்தன். இறுதிப் படைப்பாக அவன் பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்தது ப்ராஜெக்ட் ஃபைல். வெளியாட்களுக்கு இதை விளக்க வேண்டும். கணினியில் படத்தொகுப்பு செய்யும்போது உருவாகும் குறிப்புக் கோப்பு அது. எந்தத் துண்டை எங்கே வெட்டி, எதன் பின்னால் ஒட்ட வேண்டும் என்பது மட்டும் அதில் இருக்கும்; படம் இருக்காது. படத் துண்டுகள் எல்லாம் மாணவருடைய லேப்டாப்பிலேயே கிடக்கும். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே காணொளியாக வெளியே எடுத்து அதைத்தான் கொடுக்க வேண்டும். கெடு நாள் பதற்றத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டுத் தவறானதைக் கொடுத்துவிடுவது இந்தப் படிப்பு படிக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. வேறு கணினியில் திறந்தால் படத்துக்குப் பதில் சிவப்புத் திரை வரும். அதில் 'கோப்பு இல்லை' என்று பல மொழிகளில் எழுதியிருக்கும். தமிழில் இருக்காது.

"இது கல்யாணப் பத்திரிகைப்பா. கல்யாணம் எங்க?" என்று மிஸ் கேட்டார். முகுந்தனின் லேப்டாப் அதற்குள் பழுதாகியிருந்தது. பார்க்காத படைப்புக்கு மார்க் போட மாட்டேன் என்றார். திறக்காத கோப்புக்குப் பூஜ்யம் என்பது விதி. பூஜ்யம் போட்டார், பேனாவில். அடுத்த பருவம் திரும்பச் செய்யலாம் என்றார்கள், முகுந்தன் வரவில்லை.

ஒரு வருடம் கழித்து ஸ்கூடாய்ப் பேரங்காடி ஒன்றில், கைப்பேசிச் சாமான் விற்கும் சின்னக் கடையில் அவனைப் பார்த்தோம். கல்லூரி விருந்துக்குப் பொருள் வாங்கப் போயிருந்தோம். மிஸ்ஸின் கைப்பேசித் திரை கீறியிருந்ததைப் பார்த்துவிட்டு அவனே வாங்கி, துடைத்து, புதிய கண்ணாடி ஒட்டிக் கொடுத்தான்.

"எவ்வளவு?" என்றார் மிஸ்.

"உங்களுக்கு ஃப்ரீ மிஸ். நல்லா பாருங்க, ஒரு குமிழிகூட இல்ல." கைப்பேசியை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினான். "மூணு தடவ பாருங்க. இதுக்கு எத்தன மார்க்?"

அவன் குத்திப் பேசியதாக எனக்குத் தோன்றவில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டான். மிஸ் அதை வாங்கிக்கொண்டார். காருக்கு வந்த பிறகும் கைப்பேசியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "குமிழியே இல்லண்ணே" என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு ஒவ்வொரு பருவமும் முதல் வகுப்பில் கரும்பலகையில் பெரிதாக எழுதுவார்: பத்திரிகையை அனுப்பாதே, கல்யாணத்தை அனுப்பு.

அப்படி எழுதியும், ஜனவரி 16ஆம் தேதி, பொங்கலுக்கு மறுநாள், நான் டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் எடுத்துக்கொண்டு அவருடைய அறைக்குப் போனபோது கணினித் திரை சிவப்பாக இருந்தது.

கூப்பிட்டேன். கையை மட்டும் உயர்த்தினார். கடைசி வரை ஓடவிட்டார். பிறகு திரும்பி, "தர்ஷினி" என்றார்.

குளுவாங் பக்கம் பாலோவிலிருந்து வந்து படித்த பிள்ளை. அதிகம் பேசாது. அம்மா குளுவாங்கில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். பகலில் அம்மா தூங்குவதற்காக ஒரு வீடு எப்படியெல்லாம் சத்தம் போடாமல் இருக்கிறது என்பதுதான் படம் என்று முன்னமே மிஸ் சொல்லியிருந்தார். "இதுல ரெண்டாவது தடவைக்காகத்தான் காத்திருக்கேன் அண்ணே. காதுக்கு எடுத்த படம்" என்றும் சொல்லியிருந்தார்.

போன் செய்தார். மாமாவின் லோரியில் குளுவாங் வந்து, பஸ் பிடித்து, பிற்பகல் இரண்டு மணிக்குத் தர்ஷினி வந்து சேர்ந்தாள். லேப்டாப் எங்கே என்று மிஸ் கேட்டார்.

"வீட்டுக்குள்ள வெள்ளத் தண்ணி ஏறிருச்சு மிஸ். போன செவ்வாக்கெழம. லேப்டாப்பு, ஹார்ட் டிஸ்க்கு எல்லாம் கீழ் தட்டுல இருந்துச்சு."

"அனுப்பும்போது பாக்கலியா? என்ன ஃபைல்னு?"

"ரெண்டு நிமிஷத்துல அப்லோட் ஆயிருச்சு மிஸ். எங்க ஊரு லைனுக்கு ஏழு நிமிஷப் படம் போக ரெண்டு மணி நேரம் ஆகும். சாமி புண்ணியத்துல சீக்கிரம் போயிருச்சுன்னு அம்மாகிட்ட சொல்லி சந்தோஷப்பட்டேன்."

அந்தப் பருவத்தோடு கல்லூரி அந்தப் பாடத்தை மூடுகிறது. தர்ஷினியின் வகுப்புதான் கடைசி. திரும்பச் செய்ய அடுத்த பருவம் கிடையாது. இறுதிப் படைப்பில் பூஜ்யம் என்றால் டிப்ளோமாவே இல்லை. மூன்று வருடப் படிப்புக்குக் கையில் ஒரு தாளும் வராது. இது அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

மிஸ் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு. அண்ணே, நீங்களும் இருங்க." ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். 2.30க்கு ஓடவிட்டார்.

திரை சிவப்பு. கீழே டைம்லைன் பட்டையில் மட்டும் துண்டுகளின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. தர்ஷினியே வைத்த பெயர்கள்: கிப்பாஸ்_2, குக்கர்_வாசல், தம்பி_டிவி, அம்மா_கால். கிப்பாஸ் என்றால் மின்விசிறி. கோடு நகர நகர அவள் சொல்லத் தொடங்கினாள்.

"இப்ப ஃபேன் மிஸ். சத்தம் வர்ற ஃபேன் அது, ஆனா அது நின்னா அம்மா முழிச்சிருவாங்க... இப்ப குக்கர். விசில் வந்துரும்னு பக்கத்து வீட்டு அக்கா அடுப்புக்குத் தூக்கிட்டுப் போறேன். இங்கேருந்து அங்க போற வரைக்கும் ஒரே ஷாட்டு... இது தம்பி. டிவில கார்ட்டூன், சத்தம் இல்லாம. சிரிக்கிறான், அவனும் சத்தம் இல்லாம..."

மிஸ் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சிவப்புத் திரையை அப்படிப் பார்த்த ஒருவரை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

5.04இல் நீளமான ஒரு துண்டு வந்தது. பெயர்: அம்மா_எழும்புறாங்க_4. அங்கே தர்ஷினி நிறுத்திவிட்டாள். 5.26 வரை அவள் எதுவும் சொல்லவில்லை. மிஸ்ஸும் கேட்கவில்லை. இருபத்திரண்டு நொடி என்பது எவ்வளவு நேரம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு, "வாசல் மிஸ். அம்மா செருப்பு" என்று தொடர்ந்தாள். 2.37க்கு முடிந்தது.

அவள் போன பிறகு மிஸ் பொங்கல் டப்பாவைத் திறந்தார், மூடினார். "அண்ணே, நல்ல படம்" என்றார்.

"பார்க்கலையே மிஸ்."

"அதான்" என்றார்.

மறுநாள் துறைத் தலைவரிடம் போனார். திரும்ப எடுத்துத் தர இரண்டு வாரம் கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பாடம் மூடுவதற்கான தாள்களெல்லாம் மேலே போய்விட்டன, 24ஆம் தேதி தேர்வு வாரியக் கூட்டத்துக்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்றார். மிஸ் வெள்ளத்தைச் சொன்னார். துறைத் தலைவர் பழைய கோப்பு ஒன்றை எடுத்தார். நானே தேடிக் கொடுத்த கோப்பு. எதற்கு என்று எனக்கு அப்போது தெரியாது. "இதே மாதிரிதான் ஒரு மாணவன் கொடுத்தான். பூஜ்யம் போட்டது நீங்கள்தானே? கையெழுத்து உங்களுடையதுதானே?" என்று கேட்டார். முகுந்தனின் படிவம்.

வெளியே வந்து என் மேசைக்கு எதிரே நின்றார். "அண்ணே, வெள்ளிக்கெழம கார் ஃப்ரீயா?"

அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. 19ஆம் தேதி காலை பெர்மாஸ் ஜெயாவில் அவருடைய வீட்டிலிருந்து கிளம்பி, பதினொன்றரைக்குப் பாலோ போய்ச் சேர்ந்தோம். வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. வாசலில் மெத்தை காய்ந்துகொண்டிருந்தது. தர்ஷினி ஓடி வந்து, உதட்டில் விரல் வைத்து, "அம்மா தூங்குறாங்க" என்றாள்.

பிறகு எல்லாம் கிசுகிசுப்புதான். லேப்டாப்பை அரிசி வாளிக்குள்ளிருந்து எடுத்தாள். ஈரத்தை இழுத்துவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாராம். விசைகளுக்கு இடையில் அரிசி ஊறி ஒட்டியிருந்தது. ஹார்ட் டிஸ்க்கை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்தாள்; பைக்குள் பழுப்பாக நீர். உள்ளே மின்விசிறி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தம்பி சத்தமில்லாத டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மிஸ் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், பழக்க தோஷம். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று குறிக்க நினைத்து, ஏதோ கூச்சத்தில் குறிக்காமல் விட்டேன். இப்போது அதற்காக வருந்துகிறேன்.

கிளம்பும்போது அம்மா எழுந்து வந்தார். நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, நாங்கள் யாரென்று புரியாமல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். தூக்கம் கலையாத சிரிப்பு.

"டீச்சரா? உக்காருங்க. ஏன்டி எழுப்பல?"

"எழுப்பாதேன்னு நாந்தான் சொன்னேங்க" என்றார் மிஸ்.

"பாஸாயிருவாளா டீச்சர்?"

மிஸ் எதையோ சொன்னார். என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. நான் அதற்குள் காரில் லேப்டாப்பை வைக்கப் போய்விட்டேன்.

குளுவாங்கில் கணினி பழுதுபார்க்கும் கடைக்காரச் சீனர், ஹார்ட் டிஸ்க்கை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். ஆற்றுச் சேறு உள்ளே போயிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, போகாமல் இருந்தால் கொஞ்சம் எடுக்கலாம், எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றார் மலாயில். "தெங்கோ டூலு" என்றார். பார்ப்போம் என்று பொருள். மிஸ் கேட்டார், "செவ்வாய்க்குள்?" அவர் மறுபடியும் அதையே சொன்னார்.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் மிஸ் அந்தக் கடைக்குப் போன் செய்தார். இரண்டு தடவை என் எதிரிலேயே. ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்லிவிட்டு வைத்தார். வைத்த பிறகு கைப்பேசியை மேசையில் கவிழ்த்துப் போடுவார், முகுந்தன் ஒட்டிய கண்ணாடி கீழே இருக்கும்படி. திங்கள் மாலை என்னிடம் கேட்டார்:

"அண்ணே, நான் எப்பவாவது பாக்காம நேரம் எழுதியிருக்கேனா?"

"இல்ல மிஸ்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. எழுதியிருந்தது, நம்பினேன்.

செவ்வாய்க்கிழமை, 23ஆம் தேதி, அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாகக் குளுவாங் போனார். என்னைக் கூப்பிடவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு என் மேசையில் படிவத்தை வைத்தார். மேலே நான் நகலெடுத்துக் காட்டிய மூன்று வரிகள், மார்க் 74. பென்சில் தடமே இல்லை. குறிப்புக்கான இடத்தில் அவருடைய சின்னக் கையெழுத்தில் இவ்வளவுதான்:

"5.04: அம்மா எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். இரண்டு நொடி அதிகம். ஆனாலும் வெட்டாதே."

விதிப்படி நான் கோப்பின் நகலைக் கேட்டு வாங்கிய பிறகுதான் முத்திரை குத்த வேண்டும்.

"பாத்தீங்களா மிஸ்?" என்றேன்.

"எழுதியிருக்கேனே அண்ணே."

அவருடைய கண்கள் சிவந்திருந்தன. அதிகாலையில் எழுந்தவர் கண்ணும் அப்படித்தான் இருக்கும், தூங்காதவர் கண்ணும் அப்படித்தான் இருக்கும். நான் முத்திரை குத்தினேன். நகல் கேட்கவில்லை. இதையும் பதிவு செய்ய வேண்டியது என் கடமை.

கூட்டம் பத்து மணிக்கு. மறுநாள் தைப்பூச விடுமுறை, எல்லாருக்கும் சீக்கிரம் முடிய வேண்டும். தர்ஷினியின் பெயர் வந்தபோது துறைத் தலைவர் நிமிர்ந்தார். "கோப்பு திறக்கவில்லை என்றீர்களே?" என்றார்.

"கிடைத்தது. பார்த்தேன்" என்றார் மிஸ்.

ஒரு விரிவுரையாளர், முப்பது டிக்கை ஒரே மூச்சில் போடுகிறவர், "மூணு தடவையுமா?" என்று கிண்டலாகக் கேட்டார்.

"மூணு தடவையும்."

எல்லாரும் சிரித்தார்கள். துறைத் தலைவரும் சிரித்தார். தேதிகளின் வரிசையைக்கூட யாரும் கவனிக்கவில்லை. இந்தக் கல்லூரியில் வேறு யார் சொல்லியிருந்தாலும் கோப்பைக் காட்டு என்றிருப்பார்கள். அவர் சொன்னதால் கேட்கவில்லை. பதினொரு வருடம் ஒவ்வொரு கட்டமாக எழுதிச் சேர்த்த நம்பிக்கை அது. தர்ஷினி, 74, தேர்ச்சி. அடுத்த பெயர்.

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் மேசைக்குக் கீழே கைகளைக் கோத்துக்கொண்டிருந்தார். நிம்மதி அடைந்தவர் முகம் இல்லை அது.

பாடம் மூடிய பிறகு மே மாதம் வரை அவருக்குக் குறுகியகால வகுப்புகள் சில இருந்தன. அந்த மாணவர்களின் படிவங்கள் மார்ச் 5ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை என்னிடம் வந்தன. பதினெட்டுப் படிவங்கள். முதல் படிவத்தின் கட்டத்தைப் பார்த்தேன். டிக். இரண்டாவதும் டிக். பதினெட்டும். நேரம் ஒன்றில்கூட இல்லை. வால் மட்டும் நீளவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் போட்ட, சின்ன, நேரான டிக். அறைக்குப் போய்க் கேட்க வேண்டும் என்று எழுந்தேன். கதவு திறந்திருந்தது. நாற்காலி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. காதில் ஹெட்போனோடு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பின்னால் கணினித் திரையில் எதுவும் ஓடவில்லை. நான் திரும்பி வந்துவிட்டேன்.

மே 30, வியாழன், அவருடைய கடைசி நாள். எனக்கு ஒரு பெட்டி பேனா கொடுத்தார். கொஞ்ச நாளில் அவருடைய எண் பயனில் இல்லை என்று வந்தது. குளுவாங் கடை இருந்த இடத்தில் இப்போது மூக்குக் கண்ணாடி விற்கிறார்கள். அந்தச் சீனர் எங்கே போனார் என்று பக்கத்துக் கடைகளில் யாருக்கும் தெரியவில்லை.

ஜூன் 12, புதன், தர்ஷினி சான்றிதழ் வாங்க வந்தாள். ஸ்கூடாயில் ஒரு கல்யாண வீடியோக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சான்றிதழைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவள் போகாமல் நின்றாள்.

"அண்ணே, மிஸ்கிட்ட என் படம் இருக்கா?"

"உன்கிட்ட இல்லியா?"

"இல்லண்ணே. ஹார்ட் டிஸ்க்கு மிஸ்கிட்டதான் இருந்துச்சு. ஒண்ணும் சொல்லல. பாஸாயிட்டன்னு மட்டும் மெசேஜ் பண்ணாங்க. பாத்தாங்களா அண்ணே? எப்படி இருந்துச்சுன்னு சொன்னாங்களா?"

பார்த்தார் என்று சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை. "பாத்ததா எழுதியிருக்காங்கம்மா" என்றேன். மூடிய பாடத்தின் கோப்புகள் பின் அறையில் கட்டிக் கிடந்தன. காட்டக் கூடாது. எடுத்து வந்து காட்டினேன்.

அந்த ஒற்றைக் குறிப்பை அவள் நெடுநேரம் படித்தாள்.

"அம்மா சிரிச்சாங்களா?"

"உனக்குத்தானம்மா தெரியும். நீ எடுத்த படம்."

"எட்டு தடவ எடுத்தேண்ணே, எட்டு நாள். ஒரு நாள் திட்டுனாங்க. ஒரு நாள் மூஞ்ச மூடிக்கிட்டாங்க. ஒரு நாளோ ரெண்டு நாளோ சிரிச்சாங்க. எத படத்துல போட்டேன்னு அன்னைக்கு மிஸ் பக்கத்துல உக்காந்திருக்கும்போது எனக்கே ஞாபகம் வரல. அதான் பேசாம இருந்தேன்."

"நாலு" என்றேன். "அம்மா எழும்புறாங்க, நாலு. நான் எழுதி வச்சிருக்கேன்."

"நாலாவது நாளு..." உதட்டைக் கடித்து யோசித்தாள். "அம்மாகிட்ட கேட்டேண்ணே. தூங்கி எழும்புறவளுக்கு என்னடி தெரியும்ங்கிறாங்க."

படிவத்தை என்னிடம் கொடுத்தாள். கொடுத்த பிறகும் அவள் கண் அந்த வரியிலேயே இருந்தது. "ரெண்டு நொடி அதிகம்னு எழுதியிருக்காங்கல்ல. அப்ப பாத்திருக்காங்க. பாக்காம எப்படி எழுத முடியும்?"

நான் பாலோ வீட்டு வாசலில், துண்டைப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்த முகத்தை நினைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

குறிப்பேட்டில் அன்றைய தேதிக்குக் கீழே எழுதியது இது: படிவம் உள்ளது, முத்திரை உள்ளது, மதிப்பெண் செல்லும். அந்த ஏழு நிமிடம் இப்போது எங்காவது இருக்கிறதா என்று தெரியவில்லை. நான்காவது நாள் அம்மா சிரித்தாரா என்பதை இதை எழுதும் நாள் வரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.